லீவு நாள்ல ஒளிஞ்சுக்கற இழுப்பு

வணக்கமுங்க. வீட்ல, கடைல, தோட்டத்துல, பஸ்லனு எங்கிருந்து கேட்டுட்டு இருந்தாலும் எல்லாருக்கும் வணக்கம்.

வருஷா வருஷம் மே மாசத்து மொத செவ்வாய்க்கிழமை உலக ஆஸ்துமா தினம். அத ஒட்டி ஏதாவது பேசுங்கனு வானொலி நிலையத்துல கூப்பிட்டாங்க. நான் டாக்டர் இல்லீங்க, அத மொதல்லயே சொல்லிடறேன். கோயமுத்தூர்ல ஒரு ஆஸ்பத்திரில மூச்சு டெஸ்ட் எடுக்கற ரூம்ல 23 வருஷமா டெக்னீஷியனா இருக்கறேன். ஸ்பைரோமெட்ரினு சீட்டுல எழுதிக் குடுப்பாங்க பாருங்க, அந்த டெஸ்ட். "நல்லா இழுங்க, இழுங்க, இழுங்க, இப்ப ஒரே ஊதா ஊதுங்க, விடாதீங்க விடாதீங்க, இன்னும் இன்னும்"னு தெனமும் சத்தம் போட்டுட்டு இருக்கறவ. இத்தன வருஷத்துல எத்தன ஆயிரம் பேர் என் முன்னாடி உக்காந்து ஊதியிருப்பாங்கனு எனக்கே கணக்கு தெரியாது. அந்த ஸ்டூல்ல உக்காந்தவங்ககிட்ட இருந்து நான் கத்துக்கிட்டது ஒண்ணு இருக்கு, அத மட்டும் இன்னிக்கு சொல்லிட்டுப் போனா போதும்னு வந்திருக்கறேன்.

ஆஸ்துமா வந்துட்டு வந்துட்டு போற வியாதி. அவ்வளவுதாங்க. அது போயிருக்கற நேரத்துல நீங்க டாக்டர்கிட்ட போனா டாக்டர் ஸ்டெதஸ்கோப் வெச்சுப் பாத்துட்டு நெஞ்சு கிளியரா இருக்குதுனுதான் சொல்லுவார், எக்ஸ்ரே எடுத்தா நல்லாத்தான் இருக்கும், என் ரூம்ல வந்து ஊதினாக் கூட நல்லாவே ஊதிட்டுப் போயிடுவீங்க. ராத்திரி 3 மணிக்கு எந்திரிச்சு உக்காந்து மூச்சுக்கு தவிச்ச மனுசன் காலைல 11 மணிக்கு ஓபி-ல உக்காந்திருக்கறப்ப பாத்தா ஒண்ணுமே இல்லாத மாதிரி இருப்பார். கூட வந்த வீட்டுக்காரம்மாதான், "நேத்து ராத்திரி இவரப் பாத்திருக்கணுமுங்க"னு சொல்லிட்டே இருப்பாங்க. அந்தம்மா சொல்ற பேச்சுலதாங்க பாதி டயக்னோசிஸ் இருக்குது. அத யாரும் காது குடுத்துக் கேக்கறதில்லையேனுதான் என் வருத்தம்.

நம்ம நெஞ்சுக்குள்ள காத்துக் குழாய்ங்க மரத்துக் கெள மாதிரி பிரிஞ்சு பிரிஞ்சு போகுது. ஆஸ்துமா இருக்கறவங்களுக்கு அந்தக் குழாயோட உள்சுவர் எப்பவுமே கொஞ்சம் வீங்கி, செவந்து, ரோஷமா இருக்கும். தூசி பட்டாலோ, பொக பட்டாலோ, சளி புடிச்சாலோ, பனிக்காத்து அடிச்சாலோ, ஏன், வயிறு குலுங்க சிரிச்சாலோ கூட பொசுக்குனு சுருங்கிக்கும். உள்ள போன காத்து வெளிய வர வழியில்லாம நிக்கும். எல்லாரும் மூச்ச உள்ள இழுக்க முடியலைனுதான் சொல்லுவாங்க, ஆனா உண்மைல வெளிய விடறதுதான் கஷ்டம். அந்த குறுகின வழியில காத்து வர்றப்பதான் விசில் மாதிரி, பூனைக்குட்டி கத்தற மாதிரி சத்தம் வருது. அதத்தான் நாம வீசிங்கறோம், இழுப்புங்கறோம். பொறவு தன்னாலயோ மருந்துலயோ அந்தக் குழாய் திரும்ப விரிஞ்சுக்கும். இந்த திரும்ப விரியறது இருக்குது பாருங்க, அத மனசுல வெச்சுக்குங்க, கடைசி வரைக்கும் அதுதான் வரப் போகுது.

இப்ப ஒரு ஆளப் பத்தி சொல்லணும். பேரு வேண்டாம். நம்ம ஊர்ல தெருவுக்கு ஒரு பேக்கரி இருக்குமில்லீங்களா, அப்படி ஒரு பேக்கரில மாஸ்டர். ராத்திரி 2 மணிக்கு மைதா கொட்டி பெசய ஆரம்பிச்சா காலைல 8 மணி வரைக்கும் வேலை. வயசு 34. பீடி, சிகரெட் ஒண்ணும் கெடையாது. ரெண்டு வருஷமா இருமல். சிரப்பு குடிக்காத கம்பெனி இல்ல, ஆன்டிபயாடிக் எத்தன கோர்ஸுனு தெரியல, எக்ஸ்ரே மட்டும் 6 எடுத்து ஒரு மஞ்சப் பையில சுருட்டி வெச்சிருந்தார். டிபி-யா இருக்குமோனு சளி டெஸ்ட் ரெண்டு தடவ. எல்லாமே நார்மல். கடைசில ஒரு எடத்துல, "உனக்கு ஒண்ணுமில்லப்பா, மனசுதான் காரணம்"னு சொல்லி தூக்க மாத்திர எழுதிக் குடுத்து அனுப்பிட்டாங்க. ஒரு மனுசனுக்கு மூச்சு முட்டுது, அவனப் பாத்து மனசுதான் காரணம்னா அவன் எங்கதான் போவான் சொல்லுங்க.

என்கிட்ட மொத தடவ வந்தது பொங்கல் முடிஞ்சு. சிவகங்கைப் பக்கம் சொந்த ஊரு, 10 நாள் அங்க இருந்துட்டு பஸ் எறங்கி நேரா ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கறார். ஊதினார், நல்லா ஊதினார், ரிப்போர்ட் நார்மல். ரெண்டு மாசம் கழிச்சு மறுபடி அனுப்பிச்சாங்க. அன்னிக்கு கொஞ்சம் கொறைவு, ஆனாலும் நார்மல் கோட்டுக்குள்ளதான் இருந்துச்சு. அவர் எந்திரிச்சு சட்டைய சரி பண்ணிட்டு வாட்ச்ச எடுத்துக் கட்டினார். அந்த வாட்ச் பட்டையோட தையல் இடுக்குல எல்லாம் வெள்ளையா, சுண்ணாம்பு பூசின மாதிரி காஞ்சு போன மைதா. அதப் பாத்துட்டு, "ஏனுங்க, இன்னிக்கு வேலைக்குப் போகலையா?"னு சும்மாதான் கேட்டேன். "வேலை இருந்தா எப்படிங்க்கா வர்றது, எனக்கு வார லீவு இன்னிக்குதான்"னார். எனக்கு சுருக்குனு இருந்துச்சுங்க. இந்த ஆள் ரெண்டு வருஷமா டாக்டர பாக்கப் போறது அத்தனையும் லீவு நாள்ல. இருமல் வர்ற நாள்ல அவருக்கு ஆஸ்பத்திரி வர நேரமில்ல, ஆஸ்பத்திரி வர நேரமிருக்கற நாள்ல இருமல் இல்ல. வியாதி லீவு நாள்ல ஒளிஞ்சுக்குது.

டாக்டர்கிட்ட போய் சொன்னேன். அவர் உடனே ஒரு பீக் ஃப்ளோ மீட்டர் வாங்கச் சொன்னார். ரொம்ப சாதாரண சாமானுங்க, ஒரு பிளாஸ்டிக் குழாய், மேல ஒரு முள்ளு. நல்லா மூச்ச இழுத்து ஒரே வேகத்துல ஊதினா முள்ளு தள்ளிட்டுப் போய் ஒரு நம்பர்ல நிக்கும். கரண்ட் வேண்டாம், பேட்டரி வேண்டாம். 1950கள்ல மார்ட்டின் ரைட்னு ஒரு இங்கிலாந்து டாக்டர் கண்டுபிடிச்சது, நிலக்கரி சுரங்கத் தொழிலாளிங்களோட நுரையீரல் நோய ஆராய்ச்சி பண்ற எடத்துல இருந்தவர். குடிச்சிருக்காங்களானு பாக்க ஊதச் சொல்ற மெஷின் இருக்குதில்லீங்களா, அதுல ஒரு வகையையும் உருவாக்கினது இதே ஆள்தான். ஊதற மூச்சுல இருந்து விஷயத்த எடுக்கறது எப்படிங்கறதயே வாழ்நாள் வேலையா வெச்சிருந்திருக்கறார் பாருங்க.

மாஸ்டர் அத வாங்கிட்டுப் போனார். பேக்கரில பால் கணக்கு எழுதற சின்ன நோட்டு ஒண்ணு, அதுல ஸ்கேல் வெச்சு கோடு போட்டு 4 வாரம் எழுதினார். வேலைக்குப் போறதுக்கு முன்னாடி, வேலைக்கு நடுவுல, முடிச்சுட்டு, அப்பறம் சாயங்காலம், லீவு நாள்லயும் அதே மாதிரி. ஒவ்வொரு தடவையும் மூணு ஊது, அதுல பெருசு எதுவோ அத எழுதணும். அந்த நோட்டு இன்னும் என் கண்ணுக்குள்ள இருக்குது, பக்கத்து ஓரமெல்லாம் டால்டா பட்டு கண்ணாடி மாதிரி ஆயிருச்சு. வேலை நாள்ல போறப்ப 470, முடிக்கறப்ப 360, அன்னிக்கு சாயங்காலம் 340. லீவு நாள் சாயங்காலம் 430. நடுவுல மச்சான் கல்யாணம்னு 4 நாள் ஊருக்குப் போயிருக்கறார், அந்த 4 நாளும் ஏறி ஏறி 510. அந்த ஒரு பக்கத்தப் பாத்தா படிக்காதவங்களுக்குக் கூட புரிஞ்சிரும். மைதா மாவுத் தூசில வர்ற ஆஸ்துமா. உலகம் பூரா பேக்கரிக்காரங்களுக்கு வர்றது, ரொம்ப காலமா தெரிஞ்ச விஷயம்தான். 6 எக்ஸ்ரே சொல்லாதத ஒரு பால் கணக்கு நோட்டு சொல்லிருச்சுங்க.

அதுக்கப்பறம் எல்லாம் சுலபமா நடந்துச்சுனு சொல்ல மாட்டேன். மாஸ்டர் சம்பளம் வேற, கவுண்டர்ல நிக்கற சம்பளம் வேற. ரெண்டு பொண்ணுங்க ஸ்கூல் படிக்குது. மாஸ்க் கட்டிப் பாத்தார், அடுப்பு சூட்டுல அது நிக்கல. ஒரு வருஷம் இன்ஹேலர் போட்டுட்டு அதே வேலைல தள்ளினார், அப்பறம் விட்டுட்டார். இப்ப ஜூஸ் கடை வெச்சிருக்கறார், ஆப்பிள் ஜூஸ் நல்லாருக்கும். நோட்டு இன்னும் எழுதறார்.

இத ஏன் இவ்வளவு நேரம் சொல்றேன்னா, நம்ம ஊர் மில்லு ஊரு, பட்டறை ஊரு. பஞ்சுத் தூசி இருக்குது, ஃபவுண்டரி பொக இருக்குது, கார் ஷெட்ல ஸ்ப்ரே பெயிண்ட் அடிக்கறவங்க இருக்கறாங்க, மாவு மில்லு இருக்குது. வேலை நாள்ல மோசமாகுதா, லீவு போட்டா நல்லாகுதா? இந்த ஒரு கேள்விய உங்க வீட்டுக்காரர்கிட்ட, பையன்கிட்ட, உங்க அக்காகிட்ட கேளுங்க. பஞ்சு மில்லுல அந்தக் காலத்துல பெரியவங்க, திங்கக்கிழமை ஆனா நெஞ்சு புடிக்குதும்பாங்க. அது வேற ஒரு வியாதி, பஞ்சுத் தூசில வர்றது, லீவு முடிஞ்சு மொத நாள் மில்லுக்குள்ள போனா நெஞ்சு இறுகிக்கும். அதயும் கண்டுபிடிச்சது மெஷின் இல்லீங்க, கெழமைதான்.

சரி, ஸ்பைரோமெட்ரிக்கு வர்றேன். நெறய பேர் அதப் பாத்து பயப்படறாங்க, ஊசி இல்ல, ரத்தம் இல்ல, கரண்ட் வெக்கறதில்ல. மூக்குல ஒரு கிளிப் மாட்டுவோம், வாய்ல ஒரு குழாய், உதட்ட நல்லா மூடிக்கணும். நெஞ்சு நெறய இழுத்துட்டு ஒரே வேகமா ஊதி, உள்ள ஒண்ணுமே இல்லங்கற வரைக்கும் ஊதிட்டே இருக்கணும். 6 செகண்டாவது. ஊதறது 6 செகண்ட்னாலும் எங்களுக்கு முக்கியம் மொத செகண்ட். நல்ல குழாய்ல மொத செகண்ட்லயே முக்கால்வாசி காத்து வெளிய வந்துரும். குறுகின குழாய்னா சொட்டு சொட்டா வரும், டேங்க் நெறய தண்ணி இருந்தும் பைப்புல அடைப்பு இருந்தா எப்படி வரும், அந்த மாதிரி. 1846லயே ஜான் ஹட்சின்சன்னு ஒரு லண்டன் டாக்டர் இந்த மெஷினோட மூதாதைய செஞ்சு 2000 பேருக்கு மேல ஊத வெச்சு அளந்திருக்கறார், கப்பல்காரங்க, தீயணைப்புக்காரங்க, போலீஸ்காரங்க, மல்யுத்தக்காரங்கனு ஒருத்தர விடல. ஆனா மொத்தமா எவ்வளவு காத்துனுதான் அவர் பாத்தார். ஊதறத நேரத்தோட சேத்து அளக்கணும்ங்கறது 100 வருஷம் கழிச்சு 1947ல பிரான்ஸ்லதான் வந்துச்சு. அது வந்ததுக்கப்பறம்தான் ஆஸ்துமாவுக்கு இந்த டெஸ்ட் உண்மைலயே கைகுடுத்துச்சு.

ஒரு தடவ ஊதி முடிச்சதும் எல்லாரும் எந்திரிச்சுருவாங்க. உக்காருங்க, இன்னும் இருக்குதும்பேன். இன்ஹேலர் பம்ப்ல மருந்து குடுத்து 15 நிமிஷம் வெளிய உக்கார வெச்சு மறுபடி ஊதச் சொல்லுவோம். "ஒரு தடவதான் ஊதினேனே, எதுக்கு மறுபடி"னு சலிச்சுக்குவாங்க. அந்த ரெண்டாவது ஊதுலதாங்க விஷயமே இருக்குது. மொத தடவ மொத செகண்ட்ல 1 லிட்டர் 800 மில்லி வந்துச்சுனு வெய்ங்க, மருந்துக்கப்பறம் 2 லிட்டர் 200 வந்தா 400 மில்லி ஏறியிருக்குது, 22 சதவீதம். 12 சதவீதத்துக்கு மேல, அதோட 200 மில்லிக்கும் மேல ஏறுச்சுனா மூடின குழாய் தெறக்குதுனு அர்த்தம். 200 மில்லினா ஒரு டம்ளர் தண்ணி அளவு காத்து. நான் சொன்னேனில்லீங்களா, திரும்ப விரியறது, திரும்ப விரியறதுனு, அதத்தான் கண்ணால பாக்கறோம். பீடி குடிச்சு குடிச்சு, இல்லைனா 40 வருஷம் வெறகடுப்பு பொகைல வெந்து நுரையீரல் கெட்டுப் போனவங்களுக்கு பெரும்பாலும் இப்படி முழுசா திரும்ப வராது. எங்க அம்மாவுக்கு வரல. எங்க ஊட்டு சமையக்கட்டுல ஜன்னல் கெடையாதுங்க. அம்மா 60 வயசுல என் ரூம்ல வந்து நான் சத்தம் போட ஊதினாங்க, மருந்துக்கு முன்னாடி ஊதின கோடும் பின்னாடி ஊதின கோடும் ஒண்ணு மேல ஒண்ணு அப்படியே படிஞ்சுது. அந்த பேப்பர நான்தான் மெஷின்ல இருந்து கிழிச்சு எடுத்தேன்.

மன்னிச்சுக்குங்க. விஷயத்துக்கு வர்றேன்.

டெஸ்ட் நார்மல்னு வந்துட்டா ஆஸ்துமா இல்லைனு அர்த்தம் இல்ல. இத நான் ரெண்டு தடவ சொல்றேன். டெஸ்ட் நார்மல்னு வந்துட்டா ஆஸ்துமா இல்லைனு அர்த்தம் இல்ல. அன்னிக்கு அந்த நேரத்துல குழாய் தெறந்திருக்குது, அவ்வளவுதான். மறுபடி வரணும், முடிஞ்சா தொந்தரவு இருக்கற நாள்ல வரணும், இல்லைனா மாஸ்டர் மாதிரி வீட்ல ரெண்டு வாரம் காலைலயும் சாயங்காலமும் மீட்டர்ல ஊதி எழுதணும். அதே மாதிரி ரத்த டெஸ்ட்ல ஈஸ்னோஃபில்ங்கற வெள்ளையணு ஜாஸ்தினு வந்த ஒடனே, "எனக்கு ஈஸ்னோபீலியா, ஆஸ்துமா எல்லாம் இல்ல"னு பல பேர் 20 வருஷமா சொல்லிட்டு இருக்கறாங்க. யானைக்கால் புழுவால வர்ற ஈஸ்னோபீலியானு ஒண்ணு உண்மைலயே இருக்குது, அதுலயும் ராத்திரி இருமலும் இழுப்பும் வரும், அதுக்கு மருந்து வேற. ஆனா ஆஸ்துமாலயும் அந்த அணு ஏறும், வயித்துல பூச்சி இருந்தாலும் ஏறும். அந்த ஒரு நம்பர மட்டும் வெச்சு முடிவு கட்ட முடியாதுங்க.

இன்னொரு விஷயம், இது என் மனச ரொம்ப அறுக்கற விஷயம். பேரு. ஆஸ்துமாங்கற பேர சொல்ல மாட்டேங்கறாங்க. வீசிங்தான், ஆஸ்துமா இல்லைங்கறாங்க. அலர்ஜிங்கறாங்க, சளி கட்டியிருக்குங்கறாங்க, தூசி ஒத்துக்கலைங்கறாங்க. 24 வயசு பொண்ணு ஒண்ணு ஊதி முடிச்சுட்டு வெளிய போச்சு, அதோட அம்மா திரும்பி வந்து என் கையப் புடிச்சுட்டு, "அம்மணி, பொண்ணுக்கு ஜாதகம் பாத்துட்டு இருக்கறோம், ரிப்போர்ட்ல அந்த வார்த்தைய மட்டும் எழுதிராதீங்க"னு கெஞ்சினாங்க. எழுதறது நான் இல்லீங்க, டாக்டர். ஆனா அந்தக் கை நடுங்குச்சு. கல்யாணம் ஆகிப் போற பொண்ணு பீரோல துணிக்கு அடில இன்ஹேலர ஒளிச்சு வெக்குது, மாமியாருக்குத் தெரியாம பாத்ரூம்ல போய் அடிக்குது, அப்பறம் தெனமும் அடிக்க வேண்டியத வாரத்துக்கு ரெண்டு தடவ அடிக்குது. பேர மறைச்சா வியாதி மறையாது, மருந்துதான் மறையுது. ஒலகம் பூரா 2019ல மட்டும் 4 லட்சத்து 55 ஆயிரம் பேர் ஆஸ்துமால எறந்து போனாங்கனு உலக சுகாதார நிறுவனம் கணக்கு சொல்லுது. மருந்து இருக்கற வியாதிங்க இது. சரியா கண்டுபிடிச்சு, தெனப்படி மருந்த விடாம எடுத்தா ஓடலாம், கபடி ஆடலாம், புள்ள பெத்துக்கலாம், மருதமலைப் படி ஏறலாம்.

எல்லா இழுப்பும் ஆஸ்துமாவும் இல்ல, அதயும் சொல்லிடணும். வயசானவங்களுக்கு படுத்தா மூச்சு முட்டி, கால் வீங்குச்சுனா இருதயத்தப் பாக்கணும். ஓடி ஆடிட்டு இருந்த ரெண்டு வயசுக் கொழந்தைக்கு, சளி காய்ச்சல் எதுவும் இல்லாம, திடீர்னு இழுப்பு வந்துச்சுனா, நிலக்கடலை தின்னுட்டு இருந்துச்சானு யோசிங்க, பருப்பு காத்துக் குழாய்ல போய் உக்காந்திருக்கும். ரெண்டு வாரத்துக்கு மேல இருமல், எடை கொறையுது, சாயங்காலக் காய்ச்சல்னா டிபி டெஸ்ட் எடுத்தே ஆகணும். எக்ஸ்ரே வேண்டாம்னு நான் சொல்லல. இந்த மாதிரி வேற ஏதாவது இருக்குதானு பாக்கத்தான் எக்ஸ்ரே. ஆஸ்துமா எக்ஸ்ரேல தெரியாது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரெண்டு வெரல் காட்டறாங்க, ரெண்டு நிமிஷம்தான் இருக்குதாம். கொழந்தைங்களப் பத்தி தனியா ஒரு பக்கம் எழுதிட்டு வந்திருந்தேன், வேகமா சொல்லிடறேன். 5 வயசுக்குக் கீழ இருக்கற கொழந்தைக்கு ஊதத் தெரியாது, அதனால டாக்டர் உங்க பேச்சத்தான் நம்பணும். இருமல் ராத்திரிலயும் விடியக்காலத்துலயும் வருதா, ஓடியாடினா, சிரிச்சா, அழுதா வருதா, ஒவ்வொரு சளிக்கும் நெஞ்சுக்கு எறங்குதா, தோல்ல கரப்பான் இருக்குதா, வீட்ல யாருக்காவது இழுப்போ அடுக்குத் தும்மலோ இருக்குதா, இதெல்லாம் ஒரு பேப்பர்ல எழுதிட்டுப் போங்க. இழுக்கற நேரத்துல கொழந்தையோட சட்டைய கழட்டிட்டு போன்ல ஒரு நிமிஷம் வீடியோ எடுத்துக்குங்க, சத்தம் கேக்கற மாதிரி, டிவிய நிறுத்திட்டு. மறுநாள் டாக்டர்கிட்ட அதக் காட்டுங்க. கொழந்தைக்கு தலைக்கு ஊத்திட்டு சாம்பிராணி போடறது, கொசுவத்திச் சுருள் கொளுத்தறது, இது ரெண்டையும் நிறுத்திப் பாத்துட்டு என்ன ஆகுதுனும் சொல்லுங்க.

ஆனா விலா எலும்பு உள்ள குழிஞ்சு குழிஞ்சு மூச்சு வாங்குது, பேச ஆரம்பிச்சா ஒரு வாக்கியம் முழுசா சொல்ல முடியல, ஒதடு நீலமாகுது, பம்ப் அடிச்சும் கேக்கல, இதுல எது இருந்தாலும் வீடியோ வேண்டாம், நோட்டு வேண்டாம், 108-க்கு போன் பண்ணுங்க. இழுத்துட்டு இருந்த சத்தம் சட்டுனு அடங்கி ஆள் சோந்து போனா நல்லாயிருச்சுனு நெனைக்காதீங்க, அதுதான் ரொம்ப ஆபத்து.

ஒரு வெரல் ஆயிருச்சு. டெஸ்ட்டுக்கு வர்றவங்க ஒண்ணு மட்டும். நீங்க போடற பம்ப்பையும் மாத்திரையையும் கையோட எடுத்துட்டு வாங்க. அன்னிக்கு காலைல பம்ப் அடிக்கலாமா, எத்தன மணி நேரம் முன்னாடி நிறுத்தணும்னு முந்தின நாளே டாக்டர்கிட்ட கேட்டுக்குங்க. நிறுத்தச் சொல்லியிருந்தாலும் மூச்சு முட்டினா அடிச்சுட்டு வந்து எங்ககிட்ட சொல்லுங்க, ஒண்ணும் ஆகாது, இன்னொரு நாள் ஊதிக்கலாம். எந்த நாள்ல வர்றதுனு யோசிச்சுட்டு இருக்கறவங்க, வேலை நாள்லயே வாங்க. அரை நாள் லீவு கேட்டுட்டு, வேலை செஞ்ச கையோட வாங்க.

வணக்கமுங்க.